காலணித் தேர்வுக் குழுவின் அருஞ்செயல்

மனித குலம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கி எத்தனையோ லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தனை காலத்திலும், காலுக்கு என்ன போடுவது என்பதை ஒரு குழு அமைத்து, பதினான்கு அமர்வுகள் கூடி, முறைப்படி தீர்மானித்த பெருமை குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகம் ஒன்றுக்குத்தான் உண்டு. மற்றவர்கள் எல்லாம் கடைக்குப் போனார்கள், காலை நுழைத்துப் பார்த்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வரலாற்றில் அவர்களுக்கு இடமில்லாமல் போனதற்கு அந்த அவசரம்தான் காரணம்.

இந்த அருஞ்செயலில் மீட்டர்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கால் அளவுக்கு உண்டு.

அவர் வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுவது. எந்த மீட்டரும் அவர் கண்ணுக்கு நேராக மாட்டியிருக்காது. வாசலோரம் ஒரு குழி, குழிக்கு இரும்பு மூடி, மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கினால் உள்ளே ஒரு சாண் தண்ணீர், அந்தத் தண்ணீருக்கு அடியில் மீட்டர். நாளொன்றுக்கு நூற்றிருபது குழி, பதினோரு கிலோமீட்டர் நடை. காலில் ரப்பர் செருப்பு. அதன் இடது வார் எப்போதோ பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது; அடியில் ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்தி வைத்திருந்தார். சில மாதங்களுக்கு முன் ஒரு மூடி நழுவி இடது குதிகாலில் விழுந்தது. வெட்டு ஆறவே இல்லை. ஆற வேண்டுமென்றால் கால் காய வேண்டும். கால் காய வேண்டுமென்றால் வேலைக்குப் போகக் கூடாது. போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு.

"இப்படியே ஈரத்துல நடந்துட்டு இருந்தீங்கன்னா அப்புறம் நான் காலையே எடுக்க வேண்டி வரும்," என்றார் டாக்டர். "மூடின ஷூ போடுங்க. நல்லதா பார்த்துப் போடுங்க." அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

மீட்டர்காரர் கடைத்தெருவில் தன் கைக்கு எட்டியதில் ஒரு ஜோடி வாங்கிப் பார்த்தார். மூன்றாவது வாரம் அதன் மேல்பாகமும் அடிப்பாகமும் தனித்தனியாக வீடு வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் டாக்டர் சீட்டை இணைத்து வாரியத்துக்கு ஒரு மனு போட்டார். ஆறு மாதத்தில் பதில் வந்தது. வாரியத்தின் வரலாற்றில் இது மின்னல் வேகம்.

"மீட்டர் வாசிப்பாளர் என்னும் பதவி, பணி விதிகளின்படி வாசிப்புப் பிரிவில் வருகிறது. வாசிப்பு என்பது உட்கார்ந்து செய்யப்படும் பணி. உட்கார்ந்திருப்பவருக்குக் காலணி வழங்க விதியில் இடமில்லை. எனினும், தாங்கள் நடப்பதாகக் கூறியிருப்பதால், நடப்பதற்குரிய ஆதாரத்தைச் சமர்ப்பிக்கவும்."

மீட்டர்காரரின் மனைவி ஆயத்த ஆடைக் கூடத்தில் பொத்தான் தைப்பவர். ஊசியில் நூல் கோக்கிற வேகத்தில் வாயும் வேலை செய்யும். கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"ஏங்க, உட்கார்ந்து செய்யுற வேலைன்னுல்ல போட்டிருக்கு. நாளைலேர்ந்து ஒரு நாற்காலியைத் தலைல தூக்கிட்டுப் போங்க. ஒவ்வொரு குழிக்கும் பக்கத்துல போட்டு உட்காருங்க."

"கிண்டல் பண்ணாத. ஆதாரம்தானே கேட்டிருக்காங்க, குடுத்துடலாம்."

பழைய செருப்புகளில் மூன்று ஜோடி வீட்டில் கிடந்தன. குதிகால் பக்கம் ஓட்டையே விழுந்து, தரை தெரிகிற செருப்புகள். அவற்றை ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு தலைமை எழுத்தரிடம் போனார். தலைமை எழுத்தருக்கு அலுவலகத்தில் 'கோப்பு' என்று பெயர். எதைக் கேட்டாலும் "கோப்புல இருக்கு" என்பார். பொய் சொல்ல மாட்டார், அது கோப்பில்தான் இருக்கும்.

கோப்பு ஒரு செருப்பை இரண்டு விரலால் தூக்கி, ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்த்தார்.

"இது செருப்பு தேஞ்சதுக்கு ஆதாரம்பா. நீ நடந்ததுக்கு இதுல என்ன ஆதாரம் இருக்கு?"

"நடக்காம எப்படி சார் தேயும்?"

"அதை நீதான் நிரூபிக்கணும். நான் எப்படிச் சொல்றது."

மனு மேல் ரேக்குக்குப் போனது. மீட்டர்காரர் குழிக்குப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் வாரியத்தின் புதிய இயக்குநர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் டிஸ்க்குடன் திரும்பி வந்தார். எல்லாரையும் "நம்ம குடும்பம்" என்று அழைக்கும் உயர்ந்த உள்ளம் அவருக்கு. குடும்பம் எப்போதும் உட்கார்ந்தே இருக்கிறது என்பது அவர் மனத்தை வாட்டியது. ஒரு கணக்கெடுப்பு நடத்திப் பார்த்ததில், அதிகாரி ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக முந்நூற்று நாற்பது அடி எடுத்து வைக்கிறார் என்றும், அதில் பாதி லிஃப்டைத் தேடி என்றும் தெரிந்தது. இதற்கு மருந்து டிஸ்க் கோல்ஃப் என்று இயக்குநர் முடிவு செய்தார்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தட்டுப் போன்ற டிஸ்க்கை எறிய வேண்டும். தூரத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடை. டிஸ்க் அதில் விழ வேண்டும். விழாவிட்டால், அது எங்கே போய் விழுந்ததோ அங்கே நடந்து போய், அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறியில் கூடையை அடைகிறவர் வென்றவர். தொட்டிலில் இருக்கும் குழந்தை கிலுகிலுப்பையை எறிவதற்கும் இதற்கும் ஒரே ஒரு வேறுபாடுதான். குழந்தைக்கு எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு.

வடிகட்டு நிலையத்துக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் ஒன்பது கூடைகள் நட்டார்கள். ஏழாவது கூடைக்குப் பக்கத்தில், வடிகட்டிகளைக் கழுவிய தண்ணீர் வந்து தேங்கும் சேற்றுக் குளம் ஒன்று இருந்தது. அதைக் குறைந்த செலவில் "இயற்கைத் தடை" என்று பெயர் மாற்றினார்கள். தொடக்க விழாவில் இயக்குநர், தோல் அடி போட்ட பளபளப்பான ஷூவோடு, நான்கு அடி ஓடிவந்து முதல் டிஸ்க்கை எறிந்தார். டிஸ்க் நாலடி போனது. அவர் ஆறடி போனார்.

மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. விளையாட்டில் குறை இல்லை, விளையாடியவரிடத்தும் குறை இல்லை, குறை காலணியில் என்று அது தெளிவுபடுத்தியது. நீடித்து உழைக்கும், வசதியான காலணியைக் கண்டறியக் கணக்கு அதிகாரி அம்மையார் தலைமையில் ஒரு குழு. கோப்பு அதன் செயலர். உறுப்பினர்களாக இரண்டு பொறியாளர்கள்.

முதல் அமர்வில் "வசதி" என்றால் என்ன என்பதை வரையறுத்தார்கள்.

"வசதின்னா கால் இருக்கிறதே தெரியக்கூடாது," என்றார் மூத்த பொறியாளர்.

"கால் இருக்கிறது தெரியலைன்னா டாக்டர்கிட்டதான் போகணும்," என்றார் அம்மையார்.

"அப்ப, ஷூ இருக்கிறது தெரியக்கூடாதுன்னு போட்டுக்கலாமா மேடம்?"

"தெரியாத ஷூவை எதுக்கு வாங்கணும்? தணிக்கைல கேட்பாங்க."

காலும் ஷூவும் இரண்டுமே அளவோடு தெரிய வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. தேநீர், பிஸ்கட்.

இதைப் பார்த்து யாரும் குழுவை இளக்காரமாக எண்ணிவிடக் கூடாது. ஐந்தாவது அமர்வுக்குள் அவர்கள் கண்டுபிடித்தவை கொஞ்சமல்ல. எறிகிறபோது முன்கால் தரையில் ஒரு சுழல் சுழல்கிறது, அதனால் பக்கவாட்டில் ஷூ பிய்யக் கூடாது. பின்காலின் விரல் நுனி தரையில் இழுபடுகிறது, அதனால் முனையில் கெட்டியான ரப்பர் வேண்டும். புல் ஈரமாக இருக்கும், ஆகவே அடியில் பற்றும் பள்ளங்கள் வேண்டும், தண்ணீர் உள்ளே வரக் கூடாது. குதிகால் உள்ளே ஆடக் கூடாது, விரல்கள் மட்டும் விரிய இடம் வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில்தான், அதுவும் போடப்போகிற காலுறையோடுதான் அளவு பார்க்க வேண்டும். அத்தனையும் உண்மை. இதை எல்லாம் மீட்டர்காரரிடம் கேட்டிருந்தால் ஒரு குழி மூடியைத் திறந்து மூடுகிற நேரத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் வாசிப்புப் பிரிவு.

அ, ஆ, இ என்று மூன்று வகை ஷூக்கள் மாதிரிக்கு வந்தன. உறுப்பினர்களே போட்டுக்கொண்டு பத்து நாள் சோதித்தார்கள். மேஜையிலிருந்து கூட்ட அறைக்கு, கூட்ட அறையிலிருந்து மேஜைக்கு, கம்பளத்தின் மேல். பத்தாம் நாள் அறிக்கை வந்தது. வகை அ: மிகச் சிறப்பு. வகை ஆ: மிகச் சிறப்பு. வகை இ: மிகச் சிறப்பு. அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூட எதிலும் தேயவில்லை.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இப்படி வந்தா நான் எதைத் தேர்ந்தெடுக்கிறது? இந்த அலுவலகத்துல நடக்கிறவங்கன்னு யாராவது இருக்காங்களா இல்லையா?"

யோசித்தார்கள். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். காவலாளிக்கு நாற்காலி கொடுத்தாயிற்று. தேநீர் கொண்டுவருபவர் லிஃப்டில் வருகிறார். கடைசியில் கோப்பு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நடக்கிறதா சொல்லிக்கிற ஒருத்தர் கோப்புல இருக்கார் மேடம்."

மேல் ரேக்கிலிருந்து மனு இறங்கி வந்தது. தூசியைத் தட்டிவிட்டு அம்மையார் வாசிக்க வாசிக்க, அவர் முகம் மலர்ந்தது.

"பதினோரு கிலோமீட்டரா? அதுவும் ஈரத்துல? சேத்துல? டாக்டர் சான்றிதழ் வேற இருக்கு. இப்படிப்பட்ட ஒரு காலை இத்தனை நாளா எங்கய்யா வெச்சிருந்தீங்க?"

"மேல் ரேக்குலதான் மேடம்."

மீட்டர்காரர் நடக்கிறார் என்பது ஒரு வருடமாக நிரூபிக்க முடியாமல் கிடந்த ஒரு செய்தி. மூன்று நிமிடத்தில் அது நிரூபணமாகி, கையெழுத்தும் ஆகிவிட்டது. அவருக்குக் "கள ஆய்வுத் துணை" என்ற பட்டமும் கிடைத்தது.

கூட்ட அறைக்கு அவரைக் கூப்பிட்டு மேஜைமேல் மூன்று பெட்டிகளை வைத்தபோது, மீட்டர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் கழற்றி விட்ட செருப்பை அவர் மறந்தே போனார்.

"என் மனு பாஸ் ஆயிடுச்சா மேடம்?"

"மனு வேற, இது வேற," என்றார் அம்மையார் கனிவோடு. "மனு உங்க காலைப் பத்தினது. இது ஷூவைப் பத்தினது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. தினமும் போட்டு நடங்க, படிவத்துல எழுதுங்க, அவ்வளவுதான்."

மீட்டர்காரருக்கு எப்படியானால் என்ன. காலில் ஷூ ஏறுகிறது.

வகை அ ஒன்பதாம் நாள் முனையில் வாயைப் பிளந்தது. வகை ஆ தண்ணீர் புகாத ஷூ. உண்மையிலேயே புகாது, ஆனால் மேலே விளிம்பு வழியாக ஒரு தடவை போன தண்ணீர் வெளியே வரவும் செய்யாது. அதோடு அது ஈர மூடியின்மேல் வழுக்கி, மீட்டர்காரரை ஒரு வீட்டுக்காரரின் பூந்தொட்டிக்குள் உட்கார வைத்தது. உட்கார்ந்து செய்யும் பணி என்று விதி சொன்னது அன்று ஒருநாள் மெய்யாயிற்று. இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார்.

பிறகு வகை இ.

அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் நூற்றிருபது குழியும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்று ஷூவைக் கழற்ற மனமில்லாமல் நின்றார். மனைவிதான் உட்கார வைத்துக் கழற்றினார். கட்டைப் பிரித்தார். துணி காய்ந்திருந்தது. காலையில் கட்டியது மாலையில் காய்ந்திருப்பதை அந்த வீடு ஒன்றரை வருடமாகப் பார்த்ததில்லை.

"எப்படி இருக்குங்க?"

"சொன்னா சிரிப்பே. நான் இன்னைக்கு ரெண்டு தெரு அதிகமா நடந்துட்டு வந்தேன். சும்மாவே."

அந்த வாரம் முழுக்க அவர் அப்படித்தான் இருந்தார். தெருவில் சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்து, பாவம் இவர்களுக்கு நடக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றுகூட நினைத்தார். இரண்டாம் வாரம்தான் பயம் பிடித்தது. ஷூ நன்றாக இருக்கிறது என்று எழுதினால் சோதனை முடியும். சோதனை முடிந்தால் ஷூ திரும்பிப் போகும்.

"நல்லா இருக்குன்னு எதுக்கு எழுதுறீங்க? குறை சொல்லுங்க," என்றார் மனைவி. "அவங்க அதைப் பேசி முடிக்கிற வரைக்கும் கால்ல கிடக்கும்."

"எனக்குப் பொய் எழுத வராது."

"பொய் எதுக்கு? கயிறு கொஞ்சம் நீளமா இருக்குல்ல? நீளம்னு எழுதுங்க."

எழுதினார். கயிற்றின் நீளத்தைப் பற்றிக் குழு இரண்டு அமர்வுகள் கூடியது. கயிறு நீளமா அல்லது அதைக் கட்டும் முடிச்சு சிறிதா என்று மூத்த பொறியாளருக்கும் இளைய பொறியாளருக்கும் கருத்து வேறுபாடு. சோதனை பதினைந்து நாள் நீட்டிக்கப்பட்டது. அடுத்து, மழையில்தானே பார்த்தோம், வெயிலில் எப்படி என்று எழுதினார். இன்னும் ஒரு மாதம். பிறகு, கயிற்றுக்கு அடியில் இருக்கும் ஷூவின் நாக்கு இடப்பக்கம் சற்றுச் சாய்கிறது. சாய்வை அளக்க அளவுகோல் வாங்கினார்கள். மீட்டர்காரருக்கு அரசு எந்திரத்தின்மேல் பக்தியே வந்துவிட்டது. அது மெதுவாக ஓடுவது எத்தனை நல்லது என்று அதுவரை அவருக்கு உறைத்ததில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அவர் குதிகாலைத் தன் மடியில் வைத்து, புண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினார். "இப்ப?"

"இல்லவே இல்ல."

மனைவி காலைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, மீதியிருந்த கட்டுத் துணியைச் சுருட்டி அலமாரியின் அடித்தட்டில் போட்டார். இனிமேல் இந்தக் காலை யாரும் எடுக்கப் போவதில்லை என்று அன்றைக்குத்தான் இருவருக்கும் நம்பிக்கை வந்தது.

திங்கள்கிழமை கோப்பு அவரைத் தேடிக்கொண்டு வந்தார், லிஃப்டில் இறங்கி, வாசல்வரைக்கும்.

"போட்டி நெருங்கிடுச்சுப்பா. இயக்குநர் கொதிக்கிறார். இனிமே நாக்கு, மூக்குன்னு எதையும் எழுதாத. இந்த வாரம் நல்ல சான்று வரலைன்னா வகை இ தள்ளுபடி, மறுபடி அ-லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லிடுவாங்க."

வாயைப் பிளந்த வகை அ மீட்டர்காரரின் கண்முன் வந்து போனது.

"நல்லா எழுதிக் குடுத்துட்டா, இந்த ஷூ என்ன சார் ஆகும்?"

"சோதிச்ச பொருள் சோதிச்சவருக்கே போயிடும். வழக்கம் அதுதான்."

மீட்டர்காரர் அங்கேயே சுவரில் படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த உண்மை எல்லாம் வந்து விழுந்தது. வழுக்கவில்லை, பிய்யவில்லை, ஈரம் புகவில்லை. ஏழாவது பத்தி, "பயனாளர் நலன்". அதில் அவர் மனமார எழுதினார்: "ஒன்றரை வருடமாக ஆறாமல் இருந்த என் குதிகால் புண், இந்த ஷூவைப் போட்ட பிறகு முழுவதும் ஆறிவிட்டது. இதற்கு மேல் என்ன சொல்ல." தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

பதினான்காவது அமர்வில் வகை இ ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அறுபத்து நான்கு அதிகாரிகளுக்கு அறுபத்து நான்கு ஜோடி, பளிச்சென்ற வெள்ளை நிறத்தில். மீட்டர்காரருக்கு இரண்டு கடிதங்கள்.

முதல் கடிதம் நன்றிக் கடிதம். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்த அந்த ஜோடி வரலாற்றுச் சிறப்பு வாய்ந்தது என்றும், வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கப்பட இருப்பதால் துடைத்து உடனே ஒப்படைக்கவும் என்றும் அதில் இருந்தது.

இரண்டாவது, மனுவுக்குப் பதில். "தாங்கள் கையொப்பமிட்டுள்ள அறிக்கையின் ஏழாம் பத்தியின்படி, தங்கள் புண் முழுவதும் ஆறிவிட்டது. எனவே காலணிக்கான மருத்துவத் தேவை நீங்கிவிட்டது. மனு மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்படுகிறது."

மீட்டர்காரர் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு கோப்புக்கு முன் போய் நின்றார்.

"வழக்கம்னு சொன்னீங்களே சார்."

"வழக்கம்னு சொன்னேன், இல்லங்கல," என்றார் கோப்பு. "ஆனா இதுக்கு முன்னாடி நாம ஷூ எதையும் சோதிச்சதே இல்லையேப்பா. பேனா சோதிச்சிருக்கோம். பேனாவைக் குடுத்துடுவோம்."

வீட்டில் மனைவி கடிதங்களைப் படித்துவிட்டுத் தரையில் வீசினார்.

"கால் ஆறிடுச்சுன்னு ஷூவைப் பிடுங்குறாங்களே, இது எந்த ஊர் நியாயம்? காய்ச்சல் விட்டவன் போர்வையைக் கழட்டிக் குடுத்துட்டு வெறும் மேலோட படுக்கணுமா? உங்களையும் சொல்லணும். ஏழாவது பத்தில உங்களை யாரு இவ்வளவு நல்லவரா இருக்கச் சொன்னது?"

மீட்டர்காரர் ஷூவைத் துடைத்தார். கயிற்றைச் சரியான நீளத்துக்குக் கட்டினார். ஒப்படைத்தார். மறுநாள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து கட்டுத் துணியும், கதவுக்குப் பின்னாலிருந்து ஊக்குக் குத்திய செருப்பும் எழுந்து வந்தன. ஐந்தாம் வாரம் குதிகால் பழைய இடத்திலேயே வெடித்தது.

போட்டி நாளன்று கள ஆய்வுத் துணைக்கும் அழைப்பு வந்திருந்தது. அறுபத்து நான்கு ஜோடி வெள்ளை ஷூக்கள் புல்லின்மேல் வரிசையாக நின்றன. மாலை வேளையில், காலுறை போட்டு, அளவு பார்த்து வாங்கியவை; ஒருவருக்கும் ஒரு இடத்திலும் கடிக்கவில்லை. இயக்குநர் இந்த முறை விழவில்லை. அவர் எறிந்த டிஸ்க் மட்டும் பக்கத்து மரத்தில் போய் உட்கார்ந்தது.

ஏழாவது கூடை வந்தது. இயற்கைத் தடை தன் கடமையைச் செய்தது. கூடையை நோக்கி எறிந்த டிஸ்க்குகளில் பத்தொன்பது சேற்றுக் குளத்தில் விழுந்தன. அதிகாரிகள் கரையில் வந்து நின்று, முதலில் குளத்தைப் பார்த்தார்கள், அப்புறம் குனிந்து தத்தம் கால்களைப் பார்த்தார்கள்.

"ஷூல தண்ணி புகாதுன்னு அறிக்கைல இருக்கே," என்றார் இயக்குநர். "யாராவது இறங்கலாமே."

"புகாது சார். சத்தியமா புகாது," என்றார் மூத்த பொறியாளர். "ஆனா வெள்ளை சார்."

அது நியாயமாகத்தான் பட்டது. எல்லார் பார்வையும் மெல்லத் திரும்பி, ஓரமாக நின்றிருந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பின்மேல் வந்து நின்றது. கோப்பு வந்து தோளில் கை வைத்தார்.

"உன் செருப்புக்குத்தான் ஒண்ணும் ஆகாதுப்பா. கொஞ்சம் இறங்கிடு. குடும்பம்தானே."

மீட்டர்காரர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். சேறு முழங்காலுக்கு வந்தது. தண்ணீருக்கு அடியில் கிடப்பதைத் தடவி எடுப்பது அவருக்குப் பழகிய வேலை. ஒவ்வொன்றாக எடுத்துக் கரைக்கு எறிந்தார். அதிகாரிகள் அதைப் பிடித்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்கள். பதினேழாவது டிஸ்க்கை எடுக்கும்போது சேறு இடது செருப்பைப் பிடித்துக்கொண்டது. ஊக்கு விட்டது. கால் மட்டும் வந்தது. கட்டுத் துணியும் உள்ளேயே போய்விட்டது. குதிகால் எரிந்த எரிச்சலில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டார் இயக்குநர்.

"ரெண்டு பாக்கி சார். அப்புறம் என் செரு..."

"பரவால்ல, ரெண்டுதானே, விடுங்க. மேல வாங்க."

பரிசளிப்பு விழாவில் இயக்குநர் நெகிழ்ந்து பேசினார். குடும்பத்தைப் பற்றிப் பேசினார், நடையின் சிறப்பைப் பற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் அரை மணி நேரம் பேசினார். பிறகு, ஒரு நாள் முழுக்க விளையாடியும் அறுபத்து நான்கு ஜோடியில் ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை என்ற செய்தியைக் கைதட்டலுக்கிடையே அறிவித்தார். "இந்த வெற்றிக்குக் காரணமான கால்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். மீட்டர்காரர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக வந்தார். மேடைக் கம்பளம் கருதி, கீழேயே நின்றுகொள்ளச் சொன்னார்கள். ஒலிவாங்கியைக் கீழே நீட்டினார்கள்.

"நீங்களே சொல்லுங்க. உங்க அனுபவத்துல இந்த ஷூ எத்தனை வருஷம் உழைக்கும்?"

மீட்டர்காரர் முன்வரிசையைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, காலுக்கு மேல் கால் போட்டு ஆடிக்கொண்டிருந்தன அத்தனையும். அவருக்குப் பொய் எழுதவும் வராது, பேசவும் வராது.

"என் கால்ல இருந்தா ஒரு வருஷம் வரும் சார். நடக்கிறவன் கால், தேஞ்சுதான் போகும். உங்க கால்ல இருந்தா ஆயுசுக்கும் உழைக்கும். இதுக்கு ஒண்ணுமே ஆகாது."

அரங்கம் அதிர்ந்தது. தங்கள் கால்களை இப்படி ஒருவர் பாராட்டி அவர்கள் கேட்டதில்லை. கணக்கு அதிகாரி அம்மையார் எழுந்து நின்றே கைதட்டினார். இந்தப் பொன்மொழி வீணாகக் கூடாது என்று இயக்குநர் அங்கேயே ஆணையிட்டார். கோப்பு குறித்துக்கொண்டார்.

இன்றைக்கும் வாரியத்தின் வரவேற்பறைக்குப் போகிறவர்கள் அதைக் காணலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் தேய்ந்த ஒரு ஜோடி வகை இ. பெட்டிக்குக் கீழே பித்தளைப் பலகையில், எழுத்து மாறாமல்: "நடக்கிறவன் கால், தேஞ்சுதான் போகும். உங்க கால்ல இருந்தா ஆயுசுக்கும் உழைக்கும்." வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மாதம் ஒருமுறை அலுவலகத்தின் சொந்த மீட்டரைப் பார்க்க வரும்போது, மீட்டர்காரரும் அந்தப் பலகையை வாசித்துவிட்டுப் போகிறார். விதிப்படி அவர் வாசிப்புப் பிரிவு. ஆனால் நின்றுகொண்டுதான் வாசிக்கிறார், இடது குதிகாலைத் தரையில் ஊன்றாமல்.